இணைச்சீருக்கு நிற்க வேண்டிய முழங்கால்

“வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?” என்று நாம் கேட்கிறோம். “இல்லீங்க” என்று எதிரில் இருப்பவர் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் மாத்திரை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தும் எனக்கு விடை தெரியவில்லை. பொய் சொல்கிறார் என்றால் விஷயம் எளிது. கோபித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். அவர் பொய் சொல்வதில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் திருச்செங்கோடு மலைமேல் ஏறி, சாமிக்கு முன்னால் நின்று அதே ‘இல்லீங்க’வைச் சொல்லிவிட்டு இறங்கி வருவார். கைப்பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருக்கும்.

இப்படிக் கட்டுரை எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும். சுவரில் இரண்டு கேடயமாவது தொங்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறேன், அதனால் கிளினிக்கின் மாலை நேர ஓ.பி.யிலிருந்து ஓய்வு பெறுகிறேன், அவ்வளவுதான். காலையில் வழக்கம்போல வருவேன். மாலையில் என் நாற்காலிக்கு வரப்போகும் இளைய டாக்டர்கள் இருவருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போ என்றார் எங்கள் பெரிய டாக்டர். கிளினிக் அவருடையது. அவர் மனதில் இருந்தது ஏ.சி. ரிமோட் எங்கே இருக்கும் என்பது போன்ற தகவல்கள். நான் சாந்தாமணி அக்காவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், அவர் அனுமதியும் கொடுத்திருக்கிறார். “எழுதுங்க சாமி, ஆனா நல்ல பேரா வெய்யுங்க” என்றார்.

மூட்டுவாதத்துக்கு வலி வீக்க மாத்திரையை யாருக்கு எழுதலாம், யாருக்கு எழுதக்கூடாது என்பது உங்களுக்கு மனப்பாடம். வயிற்றுப் புண் உண்டா, இதயம் எப்படி, சிறுநீரகம் எப்படி, பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா. எழுதினால் குறைந்த அளவு, குறைந்த நாள். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். தேர்வில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த முழங்காலுக்கு அடுத்த மாதம் என்ன வேலை இருக்கிறது?

சாந்தாமணி அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது திருச்செங்கோடு, வாழ்க்கைப்பட்டது வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். தாய் இல்லை. ஒரே தம்பி, செந்தில். சொந்தமாக ரிக் வண்டி வைத்து, வருடத்தில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பவர். எண்ணூறு அடிக்குக் கீழே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். தரைக்கு மேலே தனக்கொரு பெண் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் முப்பத்தொன்பது வயது வரை அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகளின் கதை உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் கேட்கும் தகுதிகள் ஒவ்வொரு வருடமும் கூடும், மாப்பிள்ளையின் முன்தலை ஒவ்வொரு வருடமும் ஏறும். தம்பிக்காக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கியவர் அக்காதான்.

“என்ற தம்பிக்குப் பொண்ணு தேடியே ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க டாக்டரம்மா” என்றுதான் முதல் நாள் உள்ளே வந்து உட்கார்ந்தார். “இப்பத்தான் ஒரு எடம் முடிஞ்சிருக்குது. வைகாசியில கல்யாணம். அதுக்குள்ள என்னைய நடக்க வெச்சுடுங்க.”

“இப்பவும் நடந்துதானே வந்தீங்க?”

“இது நடையாங்க? வாத்து நடக்குற மாரி இருக்குது.”

இரண்டு முழங்காலும் வீங்கி, தொட்டால் சுட்டன. எக்ஸ்ரே பார்த்தேன். பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கேட்டேன். அதிலேயே நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தது. அதன் மேல் வலி வீக்க மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. நன்றாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும்?

நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது அளவு மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பிறகு புட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பேன். பிறகு அவளை எடை மெஷினில் நிறுத்துவேன். இதற்குள் காய்ச்சலே சலித்துப்போய் இறங்கிவிடும் என்பார் என் கணவர். ஆகவே அக்காவுக்கு வலி வீக்க மாத்திரை எழுதவில்லை. தடவுவதற்கு ஜெல், சாதாரண பாராசிட்டமால், தொடைத் தசைக்குப் பயிற்சி. பிரஷர் டாக்டரைப் பார்த்து அந்த மாத்திரையை மாற்றச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். கையில் ஒரு தடி ஊன்றிக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியில் சொன்னதற்குத்தான் அக்கா நிமிர்ந்தார்.

“தடியா! பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க? ‘அக்காளே தடி ஊனறா, இது வம்சத்துலயே வாதம் இருக்குற குடும்பமாட்ட இருக்குது’ன்னு பொண்ணக் குடுக்க மாட்டேனுட்டாங்கன்னா? நீங்க வந்து அவனக் கட்டிக்குவீங்களா?”

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க அக்கா.”

“அதான பாத்தேன். எல்லாப் புள்ளைங்களுக்கும் ஆயிருது, என்ற தம்பிக்குத்தான் ஆவலை. சரி, ஊசியாச்சும் ஒண்ணு போட்டு உடுங்க. சுர்ருனு கேக்கோணும்.”

“அது மாத்திரையேதாங்க, ஊசி வழியா போகும். கிட்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான். முட்டிக்குள்ளயே போடற ஊசி ஒண்ணு இருக்கு, எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பறேன்.”

“முட்டியிலயா! ஐயோ, ஆகாதுங்க. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு அப்பிடித்தான் முட்டியில போட்டாங்க, அவுரு செத்தே போயிட்டாரு.”

“எப்போ?”

“அதாச்சுங்க, பொறவு பன்னண்டு வருசம் கழிச்சு.”

இடுப்பில் ஊசி போடச் சொல்லிக் கெஞ்சுகிறவர், முழங்காலில் ஊசி என்றதும் செருப்பைத் தேடுவார். நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

புறப்படும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வேறு மாத்திரை ஏதாவது? “இல்லீங்க.” எழுதிக்கொண்டேன். யார் எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத சீட்டு அது. முழுக்க முழுக்கப் பாதுகாப்பான சீட்டு. பாதுகாப்பாக இருந்தது அந்தச் சீட்டு மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் வரவில்லை. வைகாசி பிறந்து, முகூர்த்தம் திங்கட்கிழமை என்றிருக்க, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை. நன்றாக நடந்து வந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஜெல் வேலை செய்திருக்கிறது!

“குடும்பத்தோட வந்துருங்க டாக்டரம்மா. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க” என்று பத்திரிகையை நீட்டினார். கை வீங்கியிருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது.

“அக்கா, உடம்பு எப்படி இருக்கு?”

“அதுக்கென்னங்க. ரெண்டு நாளா வாயக் குமட்டுது. சோத்தப் பாத்தா வாந்தி வார மாரி இருக்குது. ஒரு ஊசி போட்டுட்டீங்கன்னா திங்கக்கெழம வரைக்கும் ஓட்டிப்போடுவேன்.”

“ஒண்ணுக்கு நல்லாப் போகுதுங்களா?”

“எங்கீங்க போறது?” என்று சிரித்தார். “ஒரு மாசமா காருலயேதான இருக்கறேன். பத்திரிகை வெக்கப் போற எடத்துல, உள்ள போனதும் கும்பிட்டுட்டு ‘கக்கூஸ் எங்கீங்க’ன்னு கேக்கவா? தண்ணியக் குடிச்சாத்தான அந்தக் கெரகம்? குடிக்கறதே இல்ல.”

“இந்த வெயில்ல ஒண்ணுமே குடிக்கறதில்லையா?”

“காப்பி குடிப்பேன். காப்பி வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க.”

கல்யாணப் பத்திரிகை வைப்பது இந்தப் பக்கத்தில் லேசான வேலை இல்லை. தபாலில் அனுப்பினால் அது பத்திரிகையே இல்லை. நேரில் போய், உட்கார்ந்து, வீட்டுப் பெரியவர் வரும் வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். மேச்சேரியில் ஒரு வீடு, ராசிபுரத்தில் ஒரு வீடு என்று சொந்தம் சிதறிக் கிடக்கும். ஒரு வீடு விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். தாயில்லாத மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் அக்காதான் செய்ய வேண்டும். நொண்டாமலும் செய்ய வேண்டும்.

நான் கேட்டேன்: “இவ்வளவு அலைஞ்சிருக்கீங்க, முட்டிவலிக்கு என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க.”

“ஜெல் தடவுனீங்களா?”

“அதத் தேச்சா சேலையெல்லாம் வாசம் அடிக்குது. சும்மாதான் இருந்தேன்.”

“சும்மா இருந்தா முட்டி இப்படி நடக்காதுங்க அக்கா.”

தாம்பாளத்தில் சரிந்திருந்த வெற்றிலையை அடுக்கி வைத்தார். “அது வண்டியில இருந்துச்சுங்க” என்றார்.

“என்னது?”

“டப்பா.”

ரிக் வண்டியில் ஒரு டப்பா உண்டு. ராத்திரி பகலாகக் குழாய் தூக்கும் ஆட்களுக்கு உடம்பு வலிக்கு மாத்திரை வேண்டுமே. மொழி தெரியாத ஊரில் மருந்துக்கடை தேடி அலைய முடியாது என்று, கிளம்பும்போதே பெட்டி கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். டீசல், கிரீஸ், குழாய், மாத்திரை. வண்டி ஊருக்குத் திரும்பும்போது மீந்தது வீட்டுக்கு வரும். கைப்பையைத் திறந்து அட்டையைக் காட்டினார். அசெக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, தொலைவான ஊர் என்றால் சாயங்காலமும் ஒன்று. கூடவே நான் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால், ஏனென்றால் டாக்டர் சொன்னதைத் தட்டக் கூடாதே. பிரஷர் மாத்திரையும் மாறவில்லை. அந்த டாக்டரைப் பார்க்க நேரமில்லை, அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருக்கவில்லை.

“வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு உங்ககிட்ட அன்னைக்கே கேட்டேனே அக்கா?”

“இது மாத்திரை இல்லீங்களே” என்றார், எனக்கு உலகம் தெரியவில்லை என்ற வருத்தத்தோடு. “இது வண்டிக்கு வாங்குனது.”

ரத்தம் எடுத்து அனுப்பினேன். மதியத்துக்குள் முடிவு வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு முன்பு பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. பொட்டாசியம் அபாயக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது, நல்லவேளை. சேலத்தில் உள்ள சிறுநீரக நிபுணரை ஃபோனில் பிடித்தேன். “எல்லா மாத்திரையையும் நிறுத்து, உடனே அனுப்பு. இன்னிக்கே வந்தா திரும்பிடும். திங்கட்கிழமை வரைக்கும் இதே மாதிரி ஓட்டினா நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றார்.

இதற்குள் மாப்பிள்ளை செந்தில் வந்து சேர்ந்தார். தலைக்கு அன்றுதான் சாயம் அடித்திருந்தார். காதோரம் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது.

“டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. திங்கக்கெழம அக்கா இல்லாட்டி இணைச்சீரு இல்ல. மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ கூடையோட வந்து நிக்காம எங்கள்ல தாலியே கட்ட முடியாது. எனக்கு வேற கூடப்பொறந்தவங்களும் இல்ல. ரெண்டு நாளைக்கு மட்டும் ஒரு ஊசி போட்டு உடுங்க, செவ்வாக்கெழம நானே லாரியில போட்டுக் கொண்டாந்து தாரேன்.”

“ஊசி போட மாட்டேங்க. அந்த ஊசியில இருக்கற அதே மருந்துதான் மாத்திரையாப் போய் இதையெல்லாம் பண்ணியிருக்கு.”

“சரி, கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாமுன்னா, பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு மாறிட்டா? எட்டு வருசமாத் தேடுனதுங்க!”

உடனே ஃபோன் அடித்தது. பெரிய டாக்டர். செந்தில் உள்ளே வருவதற்கு முன்பே வெளியே நின்று அவரிடம் பேசியிருக்கிறார். “ஏம்மா, ரெண்டு தலைமுறையா நம்மகிட்ட வர்ற குடும்பம். நல்ல காரியம் நடக்கற வீடு. ஒரு ஊசிதான?” என்றார். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். பிறகு, “லைன் சரியா கேக்கலைம்மா” என்று வைத்துவிட்டார். முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் மூத்தவர்களின் லைன் இப்படித்தான் ஆகும். அது டவர் பிரச்சினை இல்லை.

ஃபோனைக் கீழே வைத்தேன். ஒருவேளை நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ? அளவு மூடியை ஜன்னலில் பிடித்துப் பார்க்கிற கை ஆயிற்றே இது. ரிப்போர்ட்டை இன்னொரு முறை படித்தேன். பெயர் சரி. வயது சரி. எண்ணும் அதேதான். செந்திலைப் பார்த்து, “டயாலிசிஸ் போக வேண்டி வரலாம்” என்றேன். அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அசையவில்லை.

“திங்கக்கெழமைக்குப் பொறவு எந்த எழவு வேணாலும் பண்ணுங்க. இன்னைக்குப் போனா சேலத்துல யாராச்சும் பாத்துப்போடுவாங்க. பாத்தா பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சு போயிரும்.”

பெண் வீடு சேலத்தில் இல்லை. எங்கள் கிளினிக்கின் வெளி பெஞ்சிலேயே இருந்தது. சிறுநீரக நிபுணரிடம் மறுபடி பேச வெளியே வந்தபோது, சர்க்கரை மாத்திரைக்காக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். மணப்பெண்ணின் சித்தி.

“ஏனுங்க டாக்டரம்மா, உள்ள இருக்கறது மாப்பிள்ளையோட அக்காங்களா? ஒடம்புக்கு என்னங்க?”

“பத்திரிகை வெக்க வந்தாங்க” என்றேன். உண்மைதான். மேஜைமேல் தாம்பாளம் இருந்தது.

“பத்திரிகைக்கா இத்தன நேரம்?” என்று என்னைக் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “முட்டிவலியாத்தான் இருக்கும். எங்களுக்கு வெக்க வந்தப்பவே பாத்தேன். படி எறங்கறப்ப பல்லக் கடிச்சுட்டு எறங்குனாங்க. அது கெடக்குதுங்க. எங்கக்கா, பொண்ணோட அம்மா, அது மட்டும் என்ன? மாத்திரையப் போட்டுட்டுத்தான் சுத்துது. மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கும் நாளைக்கு வருமுன்னு சொல்லிப்போடுவாங்கன்னு மூடி வெச்சிருக்குது. நீங்க யாருகிட்டயும் சொல்லீறாதீங்க சாமி.”

புத்தகத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த ரகசியக் காப்பு எவ்வளவு உயர்ந்த விஷயம்! இந்தப் பக்கம் ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குப் பயந்து சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா இவளுக்குப் பயந்து அதே மாத்திரையைத் தின்கிறாள். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாயை மூடி நிற்க வேண்டும். சொல்லியிருக்கலாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொல்லவில்லை.

உள்ளே போய் வேறொன்றைச் சொன்னேன். “அக்கா, இன்னிக்கு சேலம் போகலேன்னா நீங்க திங்கட்கிழமை மேடை ஏறுவீங்க. கூடையோட நிப்பீங்க. அப்புறம் அங்கயே மயங்கி விழுவீங்க. வீடியோக்காரன் அதையும் எடுப்பான். முட்டிவலி பரவாயில்லை, ‘மாப்பிள்ளையோட அக்காளுக்கு வலிப்பு’ன்னு ஊரெல்லாம் பேசுவாங்க.”

சாந்தாமணி அக்கா எழுந்தார். தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். “டேய், காரை எடு” என்றார்.

இளைய நண்பர்களே, கிரியாட்டினினால் முடியாததை வீடியோக்காரன் முடித்து வைத்தான். மருத்துவக் காரணம் எடுபடாத இடத்தில் மானக் காரணத்தைச் சொல்லுங்கள். இது நியாயமா என்று கேட்காதீர்கள். நான் சொன்னபடி நடந்திருக்கும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நடக்காது என்பதற்கும் இல்லை. பயத்தைப் போக்குவது நம் தொழில் என்பார்கள். அன்று நான் செய்தது, ஒரு பெரிய பயத்தின் மேல் அதைவிடப் பெரிய பயத்தைத் தூக்கி வைத்தது.

சேலத்தில் சலைன் ஏறியது. சனிக்கிழமை சிறுநீர் நன்றாகப் பிரிய ஆரம்பித்தது. அக்கா எங்கே என்று கேட்டவர்களிடம் பியூட்டி பார்லருக்குச் சேலம் போயிருக்கிறார் என்று குடும்பமே ஒரே குரலில் சொன்னது. இரண்டு நாள் பார்லரில் இருந்தவர் எப்படி வருவாரோ என்று ஊர் காத்திருந்திருக்கும். ஞாயிறு சாயங்காலம், அளவு இறங்கத் தொடங்கிய பிறகு, ஒரு வலி மாத்திரைகூடத் தொடக்கூடாது என்ற கட்டளையோடு அனுப்பினார்கள். வண்டி டப்பாவைச் செந்திலே கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மரியாதைக்காகப் போகிறேன் என்றுதான் கணவரிடம் சொன்னேன். உண்மையில் எண்ணிக்கொண்டிருந்தேன், எத்தனை நேரம் நிற்கிறார் என்று. இணைச்சீரில் தம்பிக்குப் பக்கத்தில் கூடையோடு நின்றார். ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி முன்பே கெஞ்சியிருந்தேன். நாற்காலி மேடையில்தான் இருந்தது, அதில் மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்திருந்தார். அக்காவின் உதட்டில் சிரிப்பு இருந்தது, நெற்றியில் வியர்வை ஓடியது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல், உள்ளே ஒரு மாத்திரையும் இல்லாமல், வலியை முழுதாக வாங்கிக்கொண்டு நின்றார். நிற்க வைத்தது நான். மேடையின் மறுபக்கம் பெண்ணின் அம்மா தூணில் சாய்ந்து நின்றார்.

“அம்மா, அந்த ரெண்டு ஆன்ட்டியும் ஏம்மா ஒத்தக் கால்ல மாத்தி மாத்தி நிக்கறாங்க?” என்றாள் மகள். “மிஸ் பனிஷ்மென்ட் குடுத்துட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்ல வந்து, “சும்மா இருடி” என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா ஒழுங்காக வருகிறார். பிரஷர் மாத்திரை மாறிவிட்டது. தண்ணீர் குடிக்கிறார். பயிற்சி செய்வதாகச் சொல்கிறார், நம்புகிறேன், பாதி. கிரியாட்டினின் இறங்கி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு முழுதாக வரவில்லை. ஒரு படி மேலேயே நின்றுவிட்டது. இனி அங்கேதான் இருக்கும் என்கிறார் சேலத்து நிபுணர். முழங்கால் அப்படியே இருக்கிறது. மூட்டு ஊசிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அறுவைச் சிகிச்சை என்றால் ‘குழந்தை பொறந்து பேரு வெக்கட்டும்’ என்கிறார். தம்பி மனைவிக்கு இப்போது ஆறாவது மாதம்.

உங்கள் இருவரிடமும் நாற்காலியை ஒப்படைக்கும் முன் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ‘வேற மாத்திரை சாப்பிடறீங்களா’ என்று கேளுங்கள், பிறகு வண்டியில், பீரோவில், பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். ‘தண்ணி குடிக்கறீங்களா’ என்று கேட்காதீர்கள். போகிற இடத்தில் கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியது. போன வாரம் அக்கா வந்தார். தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம் கட்டுச்சோற்று விருந்து வைக்கிறார்கள். பெண் வீட்டார் பலவகைச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்து, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் விசேஷம். நாத்தனார்தான் முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டும்.

“ரெண்டே ரெண்டு மாத்திரை, அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். நீங்களே எழுதிக் குடுங்க சாமி” என்றார். “நானா வாங்கிப் போட்டுக்கல பாருங்க. உங்களக் கேட்டுட்டுத்தான் நிக்கறேன்.”

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மறுத்தால் அவர் திட்ட மாட்டார், சண்டை போட மாட்டார். “சரிங்க” என்று எழுந்து போவார். இனி எதையும் கேட்கவும் மாட்டார். எழுதிக் கொடுத்தால், எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தில் கைவைப்பது என் பேனா. ஒரு நாள்தானே என்று ஒரு மனம் சொல்கிறது. பெரிய டாக்டரைக் கேட்டேன், லைன் சரியில்லை.

வியாழக்கிழமைக்குள் உங்களில் யாராவது சொல்லுங்கள், நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்? அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? கைடுலைனைப் பார்க்கச் சொல்லி மட்டும் பதில் போடாதீர்கள். பார்த்துவிட்டேன். அதில் நாத்தனார் என்ற சொல்லே இல்லை.